பிப்ரவரி 30 வந்தால்

சர்வரிலிருந்து 30-02-2024 என்று ஒரு தேதி வருகிறது. அப்படி ஒரு நாளே கிடையாது. ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் புழங்கிய சிம்பிள்டேட்ஃபார்மட் இதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு மார்ச் 1 என்று தரும். 2014-இல் ஜாவா 8-உடன் வந்த டேட்டைம்ஃபார்மட்டர், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், பிப்ரவரி 29-க்கு இறக்கிவிடும். அதையே ‘ஸ்ட்ரிக்ட்’ முறையில் அமைத்துவிட்டால், ஏற்க முடியாது என்று பிழை எழுப்பி நின்றுவிடும். எழுத்தாக வருவதைத் தேதியாக்கும் இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அந்த மறுப்புதான். ஊகித்துத் திருத்துவது உதவி போலத் தோன்றும். ஆனால் பொய்த் தேதி ஒன்று மெய்த் தேதியின் வேடத்தில் டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், பிறகு யாராலும் அதை அடையாளம் காண முடியாது.

ஸ்ட்ரிக்ட் முறையின் கண்டிப்பு இன்னும் ஆழமானது. பேட்டர்னில் ஆண்டுக்கு நான்கு ‘ஒய்’ போட்டால் ஒழுங்கான தேதியைக்கூட அது லோக்கல்டேட் ஆக்கித் தராது. ‘ஒய்’ என்பது கி.மு. அல்லது கி.பி.க்குள் எண்ணப்படும் ஆண்டு; எந்தப் பக்கம் என்று நீ சொல்லவில்லையே என்கிறது. நான்கு ‘யு’ போட்டால் ஏற்றுக்கொள்ளும். முதலில் எரிச்சல் வரும். யோசித்தால், இத்தனை நேர்மையாக எழுதப்பட்ட நிரலைப் பார்ப்பது அரிது என்று படும்.

பேட்டர்ன் எழுத்துகளில் பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். இது எல்லோருக்கும் சீக்கிரமே பழகிவிடும். பெரிய ஒய்தான் பொல்லாதது. அது வாரக் கணக்கின் ஆண்டு. 2024 டிசம்பர் 30 திங்கட்கிழமை. ஐஎஸ்ஓ வாரக் கணக்கில் அது 2025-இன் முதல் வாரம். ஆண்டு முழுதும் ஒழுங்காக ஓடும் ஆப், கடைசி இரண்டு மூன்று நாள்களில் மட்டும் புத்தாண்டை முன்கூட்டியே கொண்டாடிவிடும். ஜூன் மாதத்தில் எத்தனை டெஸ்ட் ஓட்டினாலும் இது சிக்காது.

ஐபோனில் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. டேட்ஃபார்மட்டர், போன்காரர் வைத்திருக்கும் அமைப்புகளையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். தாய்லாந்துக்காரர் ஒருவர் போனில் பௌத்த நாட்காட்டி ஓடினால், அங்கே 2024 என்பது 2567. சர்வர் அனுப்பிய 2024-ஐ அந்தக் கணக்கில் படித்தால் கி.பி. 1481-இல் போய் நிற்கும். அதனால்தான், வடிவம் மாறாத தேதிகளைப் படிக்க லோகேலை ‘இஎன்_யுஎஸ்_பாசிக்ஸ்’ என்று கட்டிவைக்கச் சொல்கிறது ஆப்பிள். ஒரே ஒரு வரிதான். தேர்ந்த கையை அந்த வரியில் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நேர மண்டலத்துக்கு வந்தால், எனக்குப் பிடித்த உதாரணம் இலங்கை. 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினார்கள். 1998-இல் கொழும்பில் காலை பத்து மணிக்குப் பதிவான ஒன்றை ‘+5:30’ என்று வைத்துப் படித்தால் அரை மணி பிசகும். ‘ஆசியா/கொழும்பு’ என்று பெயர் சொல்லிக் கேட்டால், இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் சேமித்துவைத்திருக்கும் ஐஏஎன்ஏ நேர மண்டலத் தரவு சரியான கணக்கைத் தந்துவிடும். ஒரு தீவின் கடிகாரம் எப்போதெல்லாம் நகர்ந்தது என்பதை யாரோ பொறுமையாகக் குறித்துவைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இத்தனைக்கும் மேலான அழகு, எது வெறும் நாள், எது காலத்தில் ஒரு கணம் என்று பிரித்துப் பார்ப்பது. ஸ்விஃப்டின் ‘டேட்’ உள்ளுக்குள் 2001 ஜனவரி 1-இலிருந்து எண்ணிய விநாடிகள் மட்டுமே. பிறந்த நாளை சென்னை நள்ளிரவாக அதில் வைத்தால், லண்டன் போனில் முந்தைய நாளாகத் தெரியும். ஜோடா-டைம் தந்த ஸ்டீபன் கோல்போர்ன் முதலானோர் உருவாக்கிய ஜாவா.டைம், லோக்கல்டேட் வேறு, இன்ஸ்டன்ட் வேறு என்று தெளிவாகப் பிரித்துவைத்தது. ஆண்ட்ராய்டு 8-இலிருந்து அது போனிலேயே இருக்கிறது. இந்தத் துறையில் நான் கண்ட வடிவமைப்புகளில் ஆகச் சிறந்தது இதுதான்.

சர்வர் பக்கம் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கணத்தை அனுப்பினால், 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3339 சொல்கிறபடி, யுடிசியிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்பதையும் சேர்த்தே அனுப்புங்கள். பிறந்த நாளை அனுப்பினால் ஆண்டு, மாதம், நாள் போதும். அதன் வாலில் பூஜ்ஜிய மணியை ஒட்டாதீர்கள்.