எஸ்டோவர்ஸ்: ஒரு சட்டச் சொல்லும் அதன் பொருள்கோளும்

ஆங்கில நிலச் சட்டத்தில் 'எஸ்டோவர்ஸ்' என்றோர் அருகிய சொல் உண்டு. குத்தகையாளர் தாம் நுகரும் நிலத்திலிருந்து வீட்டைச் செப்பனிடவும், அடுப்பெரிக்கவும், ஏர் செய்யவும், வேலி அடைக்கவும் வேண்டிய அளவு மரம் எடுத்துக்கொள்ளும் உரிமையை அது குறிக்கும். பிரிந்து வாழும் மனைவிக்குரிய ஜீவனாம்சமும் ஒருகாலத்தில் இப்பெயர் பெற்றது. இரண்டையும் 'பராமரிப்பு' என்று பெயர்த்துவிடுவது எளிது. ஆயின் அவ்வெளிமை பொருளை மறைக்கிறது.

பிளாக்ஸ்டன் தம் சட்ட விளக்கவுரையில் (1765–69) இச்சொல்லை 'வழங்குதல்' எனப் பொருள்படும் 'எஸ்டோஃபே' என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து வருவித்தார். சட்ட நூலார் பலர் அவரைப் பின்பற்றினர். இக்கொள்கை பொருந்துவதன்று. பிரெஞ்சில் இரட்டித்த ஃபகரம் வகரமாகத் திரிவதில்லை. மேலும், வழங்குதல் எனின் வழங்குவோர் ஒருவர் வேண்டும். இங்கோ குத்தகையாளர் எவரையும் கேளாமல் தாமே எடுத்துக்கொள்கிறார்.

சொல்லின் உண்மையான மூலம் 'எஸ்டொவுவார்' என்னும் பழைய பிரெஞ்சு வினை. 'தேவையாயிருத்தல்' என்பது அதன் பொருள். 'தேவை உளது' எனப் பொருள்படும் 'எஸ்ட் ஓபுஸ்' என்னும் இலத்தீன் தொடரிலிருந்து அது பிறந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அவ்வினைக்கு எழுவாய் இல்லை. தேவையுடையார் நான்காம் வேற்றுமைப் பொருளில் வருவர். 'எனக்கு வேண்டும்' என்னும் தமிழ்த் தொடரை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. ஆங்கிலேயரைவிடத் தமிழருக்கே இச்சொல் எளிதில் விளங்கும் எனலாம்.

இறுதியிலுள்ள 'அர்' ஒலியும் சிலரை மயக்கும். அது வினைமுதல் விகுதியன்று. பெயராக நின்ற பிரெஞ்சு வினையெச்ச ஈறு. ரிமெயிண்டர், ரிஜாயிண்டர் முதலிய சட்டச் சொற்களும், ஏன், அன்றாட டின்னரும்கூட, இவ்வகையினவே.

மூலம் பற்றிய இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாய்வன்று. 1217-இல் மீண்டும் வெளியிடப்பெற்ற மாக்ன கார்ட்டா, கைம்பெண்ணுக்குரிய சொத்துப் பங்கு பிரித்தளிக்கப்படும் வரை அவருக்கு 'நியாயமான எஸ்டோவர்' உண்டு என்கிறது. தேவையே உரிமையின் அடிப்படையும் எல்லையும் ஆகிறது. வேலிக்கு வெட்டிய மரத்தைக் குத்தகையாளர் விற்றால் அது எஸ்டோவர்ஸ் ஆகாது. நிலத்துக்கு இழைத்த சேதமாகும். 'பராமரிப்பு' என்னும் சொல்லில் இவ்வெல்லை புலப்படுவதில்லை; 'வேண்டுவன கொள்ளும் உரிமை' என்பதில் புலப்படும். மனைவியைப் பற்றிய வழக்கில் மட்டும் 'ஜீவனாம்சம்' நிற்கலாம். அது நீதிமன்றத் தமிழில் வேரூன்றிய சொல்.