இந்தக் கல்சட்டி எந்த வீட்டுடையது?

சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பழைய பாத்திரக் கடைகளில் ஒரு கல்சட்டியைக் காட்டி எவ்வளவு பழசு என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நூறு வருஷம் இருக்குங்க." பக்கத்தில் இருக்கும் பித்தளை அண்டாவுக்கும் நூறு, ஊறுகாய் ஜாடிக்கும் நூறு. எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சு விலைக்குத் தாவிவிடும். வாங்குகிறவரும் வற்புறுத்துவதில்லை. பழைய வீட்டுச் சாமான்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் நம் பகுதியில் வேர் பிடித்துவிட்டது. அது செய்த நன்மை பெரிது. ஆனால், பொருள் வந்த வழியைக் கேட்டு எழுதி வைக்காத அந்த அலட்சியம் நன்மையில் பாதியைத் தின்றுவிடுகிறது.

முதலில் நன்மை. எவர்சில்வர் வந்த பிறகு நம் சமையலறைகள் காலியான வேகம் கொஞ்சமல்ல. 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையே எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கிவிட்டது. பித்தளைக்கும் செம்புக்கும் எடைக்கு எடை விலை இருந்ததால் அவை உருக்குப் பட்டறைக்குப் போயின. கல்சட்டிக்கு அந்த விலையும் கிடையாது. கோழிக்குத் தண்ணீர் வைக்கவும், தொழுவத்தில் தவிடு கரைக்கவும், கடைசியில் வேலியோரம் கவிழ்ந்து கிடக்கவும்தான் ஆனது. அதற்கு ஒரு விலை உண்டு என்று முதலில் சொன்னவர்கள் சேகரிப்பாளர்களே. அவர்கள் கிளப்பிய ஆசையால் புதுச் சட்டிக்கும் கிராக்கி வந்தது. மாக்கல் கடைகிறவர்களுக்கு மறுபடி வேலை வந்தது. வடிகஞ்சி ஊற்றி வைத்து, விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி, நாள் கணக்கில் பழக்கி, மெல்லிய தீயில் ஏற்றும் முறையை இன்று இளம் பெண்கள் கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். பாட்டியிடம் கேட்காமல் விட்டது இப்படியாவது திரும்பி வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

அடையாளம் காணும் கலையும் சேகரிப்பாளர்களிடம் வளர்ந்திருக்கிறது. நல்ல கண் உள்ள ஒருவர் பழைய கல்சட்டியைக் கையில் எடுத்தால் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார். குழம்பு எந்த மட்டத்துக்கு நிற்குமோ அதுவரை எண்ணெய் ஊறிய கருமை. அதற்கு மேலே ஒரு சாயல் வெளுப்பு. விளிம்பில், அகப்பை வந்து வந்து உரசிய ஒரே பக்கத்தில் மட்டும் விரலுக்குத் தட்டுப்படும் தேய்மானம். அடியில் தீ பட்ட இடத்தில் கரி திட்டாக இருக்கும், ஒரே சீராக இருக்காது. புதுக் கல்லில் எண்ணெயும் கரியும் பூசிப் பழசாக்கியதில் எல்லா இடமும் ஒரே கறுப்பு. இதை விரலால் தெரிந்துகொள்வது பெரிய திறமை. ஆனால் இந்தக் கண் சொல்வது, சட்டி நிறையப் புழங்கியதா இல்லையா என்பதை மட்டுமே. தினமும் அடுப்பேறிய இருபது வருடச் சட்டியும், விசேஷத்துக்கு மட்டும் இறங்கிய எண்பது வருடச் சட்டியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். தேய்மானத்தை வயதாகப் படிப்பதுதான் இந்தத் துறையின் முதல் பிழை.

அமெரிக்காவில் கலைப் பானைகள் சேகரிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1880-ல் சின்சினாட்டியில் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் தொடங்கிய ரூக்வுட் பட்டறையின் பானையைக் கவிழ்த்தாலே போதும். 1886-ல் வந்த முத்திரை எழுத்தைச் சுற்றி ஆண்டுக்கொரு தீச்சுடர் சேர்ந்து, 1900-ல் 14 சுடர்கள் ஆயின. 1901 முதல் அதன் கீழே ரோம எண்ணில் ஆண்டு. தீட்டிய கலைஞரின் அடையாளமும் பல பானைகளில் உண்டு. அங்கேயும் ஏமாற்று இருக்கிறது. 1954-ல் மூடப்பட்ட ரோஸ்வில் பட்டறையின் பானைகளை 1990-களில் சீனாவில் பெயரோடு நகலெடுத்து இறக்கினார்கள். இருந்தாலும் சரிபார்க்க ஒரு பதிவு அங்கே இருக்கிறது. நம் கல்சட்டியில் கடைந்தவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. அதனால் அந்தப் பதிவை எழுத வேண்டியவர், அதை வீட்டிலிருந்து வெளியே எடுத்துவரும் முதல் ஆள்தான்.

நம் பாத்திரங்களில் பதிவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நாம் செய்தவர் பெயரை வெட்டவில்லை, உடையவர் பெயரை வெட்டினோம். நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அதே பழக்கம் நேற்றுவரை சீர்வரிசைச் செம்பில் தொடர்ந்தது: புள்ளி புள்ளியாக உளியால் தட்டிய தலைப்பெழுத்து, பெண்ணின் பெயர், சிலவற்றில் ஊர், கல்யாணத் தேதி. ஒரு சருவச்சட்டியின் கழுத்தில் இருக்கும் இந்த ஒரு வரியை விட நம்பகமான சான்று வேறு எதுவும் கிடைக்காது. அதைத்தான் பாலிஷ் போடும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து அழிக்கிறார்கள். வேறொருவர் பெயர் இருக்கும் பாத்திரத்தை வீட்டில் வைக்க வாங்குகிறவருக்கு மனம் ஒப்பவில்லை. பளபளப்புக்குத்தான் விலையும் கூடுகிறது. எனக்கு இதில் சமாதானமே கிடையாது. பெயரை அழித்த பிறகு அது வெறும் பித்தளைதான், அதை எடைக்கே போட்டிருக்கலாம்.

வெளிநாட்டுச் சரக்கில் எழுத்து இருப்பதால் வேறொரு மயக்கம். எனாமல் தட்டின் அடியில் செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் அது 1918-க்கு முந்தியது அல்ல, அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜப்பான் பீங்கானில் 1891 முதல் 1921 வரை 'நிப்பான்' என்றே முத்திரை. இவை நல்ல துப்புகள்தான். ஆனால் தட்டு எப்போது எங்கே செய்யப்பட்டது என்பதோடு அவை நின்றுவிடும். அது ஆத்தூருக்கு எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார் என்பதை அந்த வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, கொங்கு நாட்டு வீட்டிலிருந்து வந்த ஜாடிக்கும் தூணுக்கும் 'செட்டிநாடு' என்று பெயர் வைத்து விற்கிறார்கள், அந்தப் பெயருக்கு விலை அதிகம் என்பதற்காக. இதைவிட ஒரு வட்டாரத்துக்குச் செய்யும் அநியாயம் வேறில்லை. நாளைக்கு நாமக்கல் வீடுகளில் என்ன புழங்கியது என்று ஆராய வருகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

'நூறு வருஷம்' என்ற சொல்லைக் கடைக்காரர்கள் இவ்வளவு எளிதாகச் சொல்வதும் எனக்கு வியப்பு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்த கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகிவிடும். அதை வைத்து வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. விலை ஏற்றச் சொன்ன பொய்யே விற்றவரையும் வாங்கியவரையும் சட்டத்தின் முன் நிறுத்தலாம். கோயில் மண் குதிரைகள் விஷயத்தில் சட்டத்துக்கும் முன்னால் மனசாட்சி நிற்கிறது. ஐயனாருக்கும் முனியப்பனுக்கும் நேர்ந்துவிட்ட குதிரை வெயிலிலும் மழையிலும் கரையத்தான் அங்கே நிற்கிறது; கரைந்தால் வேளார் அடுத்ததைச் செய்வார். அதைப் பெயர்த்து வரவேற்பறையில் வைப்பவர், காப்பாற்றினேன் என்று சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். அதே குயவரிடம் காசு கொடுத்துப் புதிதாக ஒன்று செய்யச் சொல்லலாமே.

கடைக்காரர் ஊரைச் சொல்லாததற்கு நியாயமான காரணமும் உண்டு. சொன்னால் அடுத்த வியாபாரி அதே தெருவுக்குப் போய்விடுவார். விற்ற குடும்பத்துக்கும், கஷ்டத்துக்குப் பாத்திரத்தை விற்றோம் என்பது வெளியே தெரிவதில் கூச்சம். அதனால் வீட்டுப் பெயரைக் கேட்க வேண்டாம். எந்தத் தாலுகா, அந்தக் குடும்பத்துக்கு என்ன தொழில், அதில் என்ன சமைத்தார்கள் அல்லது ஊற வைத்தார்கள், எப்போதிலிருந்து புழக்கத்தில் இல்லை என்ற நான்கு கேள்விகள் போதும். யாரும் கோபிக்காமல் பதில் சொல்லக்கூடியவை. கழுவுவதற்கு முன்னால் அடியும் உள்ளும் தெரிய ஒரு படம், வெட்டிய பெயர் தெரிய இன்னொரு படம். பதிலைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்குள் போட்டு வைத்தால், கை மாறும்போது சீட்டும் சேர்ந்தே மாறும். சீட்டோடு வரும் சட்டிக்கு அதிக விலை கொடுக்க நான்கைந்து சேகரிப்பாளர்கள் முன்வந்தால், கடைக்காரர்கள் தாமாகவே கேட்டு எழுதத் தொடங்கிவிடுவார்கள்.