இடம் மாறிய மூக்குத்தி

பழைய போட்டோச் சட்டம் ஒன்றைப் பிரித்துக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, எனாமல் டப்பாக்கள் நாலைந்தும் ஒரு மெல்லிய தூரிகையுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்த அசட்டுத் துணிச்சல். ஒரு பெண்முகம் போதும் என்று எண்ணம். முகத்துக்கு மஞ்சள் பூசி, காயவிட்டு, கண் எழுதத் தூரிகையைத் தொட்டெடுத்தபோதுதான் உறைத்தது, கண்ணுக்கு இடமே இல்லை. மஞ்சளுக்கு மேல் எழுதினால் அது எனக்குத்தான் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவருக்கு மொட்டை மஞ்சள்.

கருவிழியைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். அதைச் சுற்றி வெள்ளை, பிறகு இமை, நகை, பொட்டு, அதற்கெல்லாம் பின்னால் முகம், கடைசியில்தான் சுவர். சாதாரணமாகக் கடைசியில் செய்வதெல்லாம் இங்கே முதலில். போதாக்குறைக்கு, வலது மூக்கில் வைத்த மூக்குத்தி திருப்பிப் பார்த்தால் இடது மூக்கில் இருக்கும். தின்னரில் துணியை நனைத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் பழைய சட்டத்திலேயே போட்டு வைத்தேன்.

இந்தத் தலைகீழ் வேலையைத்தான் கே.ஜி. சுப்ரமணியன் 1970களின் கடைசியில், ஐம்பதைத் தாண்டிய பிறகு, கையில் எடுத்தார். அதற்குள் அவர் எண்ணெய் வண்ணம், தறி, சுடுமண், மரப்பொம்மை, குழந்தைகளுக்கான படப்புத்தகம் என்று ஒரு பெரிய சுற்று வந்துவிட்டவர். பரோடா நுண்கலைக் கல்லூரியில் ஒரு தலைமுறையையே உருவாக்கிய ஆசிரியர். கைக்குப் பழகிய ஒன்றில் பேரும் பணமுமாக உட்கார்ந்துவிடலாம் என்ற வயதில், கோயில் வாசல் கடைகளில் விற்ற ஒரு பழைய பாணியிடம் போய் மாணவனாக நின்றார். ஏன் என்ற கேள்வி எனக்குப் பல வருஷமாக இருந்தது. பல்துறை வித்தகர், ஓயாத தேடல் என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அது போதவில்லை.

வடகேரளத்துக் கூத்துப்பறம்பில் 1924இல் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மாஹேயில் வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது பொருளாதாரம். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். வெளியே வந்தபோது அரசுக் கல்லூரிகளின் கதவு அடைத்துக் கிடந்தது. 1944இல் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் சேர்ந்தார். சுப்ரமணியன் என்றால் நம் வீடுகளில் மணிதானே. வங்காளிகள் அதோடு அண்ணன் என்பதற்கான 'தா'வைச் சேர்த்து மணிதா ஆக்கிக்கொண்டார்கள்.

சாந்திநிகேதனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராம்கிங்கர் பேஜ், வெண்கலம் வார்க்க வசதியில்லாத இடத்தில், சிமென்ட்டையும் செம்பொறைச் சரளையையும் கலந்து அப்பி 'சந்தால் குடும்பம்' சிலையை 1938இல் வெட்டவெளியில் நிறுத்தினார். அந்தச் சரளையின் சொரசொரப்பை அவர் மறைக்கவே இல்லை. நடந்து நடந்து புழுதி படிந்த குடும்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான தோல் எது? வினோத் பிஹாரி முகர்ஜி, பார்வை மங்கலோடு பிறந்தவர், இந்தி பவனத்தின் சுவர்களில் 1946-47இல் இடைக்கால ஞானியரின் நீண்ட ஊர்வலத்தை ஈரச் சுண்ணாம்பில் தீட்டினார். உதவிக்கு நின்ற மாணவர்களில் மணியும் ஒருவர். ஈரச் சுண்ணாம்பு என்றால் அன்றைக்குப் பூசிய பரப்பை அன்றைக்கே முடித்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் சுவர் வண்ணத்தை வாங்காது. நம் சௌகரியத்துக்குச் சுவர் காத்திருக்காது என்பதை இருபத்திரண்டு வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு, பிற்பாடு எந்தப் பொருளின் பிடிவாதமும் புதிதாக இருந்திருக்க முடியாது.

என் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாட்டேன் என்று சொல்லும் பொருளைத்தான் அவர் தேடிப் போனார். சொன்னபடி கேட்கிற பொருள் அவருக்கு அலுத்துவிடும்.

பரோடாவில் ஆசிரியராக இருந்தவர் 1959இலிருந்து 1961வரை பம்பாயில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புக்கான துணை இயக்குநர் பொறுப்பில் இருந்தார். இதை அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், வயிற்றுப்பாட்டுக்குப் பார்த்த உத்தியோகம் மாதிரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தறியில் வளைகோடு கிடையாது. பாவு நெடுக ஓடும், ஊடை குறுக்கே ஓடும், அவ்வளவுதான். ஒரு மாங்காய் வடிவம் வேண்டுமென்றால் அதைக் கட்டம் கட்டமாக உடைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று முடிவு செய்ய வேண்டும். கிட்டத்தில் படிக்கட்டு, தள்ளி நின்றால் வளைவு. சின்னச் சின்னச் சதுரங்களைச் சேர்த்துப் பெரிய உருவத்தைக் கட்டும் இந்தப் புத்தி, அடுத்து அவர் மண்ணுக்கு வந்தபோது கூடவே வந்தது.

லக்னோவின் ரவீந்திராலயக் கட்டடத்தில் 1963இல் அவர் செய்த சுவர்ச்சித்திரம் சுமார் எண்பது அடி நீளம். தாகூரின் 'ராஜா' நாடகம்தான் கரு. இருட்டறையிலேயே இருக்கும், கண்ணுக்குப் படாத அரசனின் கதை. முழுக்கச் சுடுமண் வில்லைகள். களிமண்ணைத் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள தலைவலி தெரியும். ஈரம் வற்றும்போதும் சூளையில் வேகும்போதும் மண் சுருங்கும். அடிக்கு ஒரு அங்குலம்கூடப் போய்விடும். பெரிய பலகையாக வைத்தால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். கனமாக அப்பினால் உள்ளே தங்கிய ஈரமே அதை உடைத்துவிடும். ஆகவே சிறு சிறு வில்லைகள். ஒவ்வொன்றும் தனியாக வெந்து, தனியாகச் சுருங்கி, பிறகு சுவரில் ஒன்றோடொன்று உறவாட வேண்டும். உருவங்கள் முழுசாக இல்லாமல் துண்டு துண்டாகத் தெரிவதை ஏதோ நவீனப் பாணி என்று நினைத்துவிடக் கூடாது. மண் போட்ட நிபந்தனை அது. கண்ணுக்குப் படாத அரசனுக்கும் அந்தத் துண்டு முகங்களுக்கும் அப்படியொரு பொருத்தம் அமைந்ததை அதிர்ஷ்டம் என்பதா, தேர்ச்சி என்பதா?

ஆனால் அவருடைய மண் வேலையில் என் மனம் போய் நிற்கும் இடம் லக்னோ இல்லை. 1971 வங்கதேசப் போரை ஒட்டி அவர் செய்த சிறு சுடுமண் புடைப்புகள். படைத்தளபதிகளும் அவர்களுடைய வெற்றிச் சின்னங்களும். அளவில் சிறியவை. கையில் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் போல இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளத்தான் மனம் வராது.

இவற்றைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அவர் மண்ணைச் செதுக்கவில்லை. சப்பாத்தி மாவு மாதிரித் தேய்த்து, தகடாக்கி, வெட்டி, மடித்து, சுருட்டி, ஒட்டியிருக்கிறார். தகட்டின் ஓரம் மடிந்த இடத்தில் சோமாஸ் ஓரத்தை அழுத்தி மடிப்பார்களே, அந்த விரல்வரிசை அப்படியே தெரியும். தளபதியின் சட்டைக் காலர் ஒரு மடிப்பு. தோள்பட்டை ஒரு சுருட்டல். பதக்கம் என்ன? சீடை உருட்டுவதுபோல ஒரு சின்ன உருண்டை, நெஞ்சில் வைத்து ஒரு அழுத்து. இன்னொரு உருண்டை, இன்னொரு அழுத்து. மேலே முகத்தில் கண்ணும் அதே உருண்டை, அதே அழுத்து. கீழே கிடக்கும் உடல்களோ வெறும் தகட்டுத் துண்டுகள். ஒரு கை, ஒரு பாதம். அடுக்களையில் மிச்சம் விழுந்த மாவு மாதிரி ஒதுங்கிக் கிடக்கும்.

பட்சணம் செய்யும் கையால் படுகொலையைச் செய்து காட்டியதுதான் இந்த வேலையின் பயங்கரம். எண்ணெய் வண்ணத்தில் இதையே தீட்டியிருந்தால் ரத்தம் சிவப்பாக வழிந்திருக்கும். நாமும் உச்சுக்கொட்டி நகர்ந்திருப்போம். மண்ணில் ரத்தத்துக்கு வழியில்லை. எல்லாம் ஒரே சூளைச் சிவப்பு, கொன்றவனும் செத்தவனும். தகடும் மடிப்பும் மட்டுமே கையில் இருந்ததால், உடம்பு என்பது எவ்வளவு சுலபமாகப் பிய்யும் என்பதைச் சொல்ல அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

நம் ஊர் அருங்காட்சியகம் ஒன்றில் இந்த மாதிரித் தகடு மடித்துச் செய்த நாட்டுப்புறச் சுடுமண் வேலைகளைக் 'கைவினை' என்று எழுதி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார்கள். மாடியில் 'கலை'. சுப்ரமணியன் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டது அந்த மாடிப்படியோடுதான். அவர் எழுதிய கட்டுரைகளில் அந்தச் சண்டை பதவிசாக நடக்கும். பரோடாவில் பொம்மை செய்ய உட்கார்ந்தபோது அப்பட்டமாக நடந்தது.

கல்லூரியில் நடக்கும் நுண்கலைச் சந்தைக்காக ஆசிரியர்களும் மாணவர்களும் பொருள்கள் செய்து விற்பார்கள். அவர் பொம்மை செய்தார். மரத்துண்டு, மணி, தோல், கயிறு, கைக்கு அகப்பட்டது எதுவும். உருளைக்கட்டை ஒன்று உடம்பு, மணி ஒன்று தலை, இரண்டு தோல்துண்டு காது. மாடா குதிரையா என்பதைக் குழந்தை முடிவு செய்துகொள்ளட்டும். எவ்வளவு குறைத்தால் இன்னும் மிருகம் மிருகமாகத் தெரியும் என்ற கணக்கு ஒவ்வொன்றிலும் இருக்கிறது. உள்ளூர ரொம்பக் கறாரான கணக்கு அது. ஓவியங்களில் சில சமயம் அந்தக் கறார் தளர்ந்திருக்கிறது. பொம்மையில் தளரவே இல்லை. இன்றைக்கு அவை ஏலக்கூடங்களில் போய் நிற்கின்றன என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை.

அவர் வகுப்பிலிருந்து இந்தப் பிடிவாதத்தை முழுசாக வாங்கிக்கொண்டு போனவர் என்று மிருணாளினி முகர்ஜியைச் சொல்வேன். வினோத் பிஹாரியின் மகள். பரோடாவில் சுப்ரமணியனிடம் சுவர்ச்சித்திரம் படித்தவர், சணல் கயிற்றைக் கையில் எடுத்தார். முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு ஆளுயரத் தெய்வங்களைப் போன்ற உருவங்களை எழுப்பினார். உளியும் இல்லை, வார்ப்பும் இல்லை. அப்பாவிடம் பாடம் கேட்ட மாணவர் மகளுக்கு ஆசிரியரானது அழகான ஒரு சுற்று.

கண்ணாடிக்கு வருவோம். முதலில் வைத்தது முன்னால் நிற்கும், திருத்த இடம் கிடையாது என்பதால் அவருடைய கோட்டுக்கு ஒரு வேகம் வந்தது. வழுக்கும் பரப்பில் தயங்கினால் தூரிகை காட்டிக் கொடுத்துவிடும். ஒரே வீச்சில் ஒரு புருவம், ஒரு பூனையின் முதுகு, சேலைத் தலைப்பு. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்களும், ஜன்னலில் பறவைகளும், தேவியா பக்கத்து வீட்டுக்காரியா என்று சொல்ல முடியாதவர்களும் பளபளக்கும் வண்ணத்தில் வந்தார்கள். கடைத்தெருக் கண்ணாடிப் படத்தின் மினுக்கை அவர் நாகரிகம் கருதிக் குறைக்கவில்லை. அதோடு கொஞ்சம் குறும்பும் சேர்த்துக்கொண்டார். பார்க்கிறவனையே ஓரக்கண்ணால் பார்க்கும் அந்தப் பெண்களின் கருவிழிதான் படத்தில் முதலில் விழுந்த புள்ளி என்பது எனக்கு இப்போது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துக் கற்ற பாடம்.

பிற்பாடு கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு வந்தது. உடையாது, பெரிதாகவும் கிடைக்கும். இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் கோடு ரொம்பச் சுலபமாக ஓடுகிறது. அதே பூனை, அதே குரங்கு, அதே ஓரக்கண். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் மயக்கும். இருபது படங்களை ஒரே கூடத்தில் பார்த்தால் கை தானாக எழுதிக்கொண்டு போவது தெரியும். பொருள் மாட்டேன் என்று சொல்வதை நிறுத்திவிட்டது, அவரும் அதைக் கொஞ்சம் அனுமதித்துவிட்டார் என்று படுகிறது. ரசிகர்கள் கோபிப்பார்கள். பரவாயில்லை.

1980இல் சாந்திநிகேதனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். அங்கே கலாபவன வளாகத்தில் வடிவமைப்புத் துறையின் கட்டடம் ஒன்று. 1990இலும் 1993இலும் அதன் வெளிச்சுவர்களைக் கறுப்பு வெள்ளையில் நிறைத்தார். வேறு வண்ணமே கிடையாது. மரங்களும் மிருகங்களும் பெண்களும் சுவரின் மூலைகளைத் தாண்டி அடுத்த சுவருக்கு ஓடுகிறார்கள். ஜன்னலும் வாசலும் வந்தால் வளைந்துகொடுத்துச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். தூரத்தில் தாளில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். பக்கத்தில் வந்தால் தோளிலிருந்து வீசி இழுத்த தூரிகையின் தடம். வங்காளத்து வெயிலும் மழையும் அந்தச் சுவரை வருஷக்கணக்கில் தின்றன.

2009இல், எண்பத்தைந்து வயதில், சாரம் கட்டி ஏறி அவற்றை மறுபடியும் தீட்டினார். புகைப்படங்களில் அந்த வெள்ளைத் தாடிக்காரர் சுவருக்கு வெகு கிட்டத்தில் நிற்கிறார். அவ்வளவு கிட்டத்தில் நின்றால் முழு உருவம் கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்திருக்கிறது.