கூட இருப்பவர் பார்வையாளரா?

2020 ஜூலையில் பெரியப்பாவை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வரவேற்பு மேசைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.' அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, 'எப்படி இருந்த மனுஷன்' என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகிற கூட்டத்தைத் தொற்றுக் காலத்தில் நிறுத்தத்தான் வேண்டும். தொற்று இல்லாத காலத்திலும் நிறுத்தலாம் என்பது என் கட்சி. ஆனால் அந்தத் தாள், ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க வந்திருந்த எங்களையும் சேர்த்தே நிறுத்தியது. பார்க்க வருகிறவரும் கூட இருக்கிறவரும் ஒரே ஆள்தானா?

கொரோனா காலக் கட்டுப்பாடுகளைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சாரார், 'அன்று வேறு வழி இல்லை' என்கிறார்கள். இன்னொரு சாரார், 'கல்மனசு' என்கிறார்கள். இரண்டுமே சோம்பேறித்தனமான தீர்ப்பு. தடை ஒன்றல்ல, மாதத்துக்கு மாதம் அதன் நியாயம் கூடிக் குறைந்தது. தேதி போட்டுத்தான் அதை எடைபோட முடியும்.

முதலில், நம் ஊரில் 'அட்டெண்டர்' என்றால் என்ன? டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்கு ஓடுவது, ரத்தக் குப்பியை லேபில் கொண்டுபோய்க் கொடுப்பது, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, டிரிப்ஸ் தீரும்போது சிஸ்டரைக் கூப்பிடுவது, பெட்பேன் வைப்பது, கஞ்சியை ஆற்றி ஊட்டுவது, ராத்திரி ஊசியைப் பிடுங்கப் போகிற கையைப் பிடித்துக்கொள்வது. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறை. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கியவருக்கு அந்தக் கணக்கைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். கணக்குக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புகிறவர், சம்பளம் வாங்காத இந்த அட்டெண்டர்தான். இங்கிலாந்தில் ஊட்டிவிடுவதும் துடைத்துவிடுவதும் வார்டு ஊழியரின் பணிக்குள் வரும். அங்கே சொந்தக்காரர் பெரும்பாலும் பார்வையாளர். நாம் அந்தச் சொல்லைக் கடன் வாங்கி, அதனோடு தடையையும் வாங்கிக்கொண்டோம். வெளியே அனுப்பியது ஒரு பணியாளரை. அவருக்குப் பதில் ஆள் போடவில்லை.

பெரியப்பாவுக்குக் காது கேட்காது. இடது காது முற்றிலும் போய்விட்டது. வலது காதில் கருவி. அதற்குப் பட்டாணி அளவில் ஒரு பேட்டரி, வாரத்துக்கு ஒன்று. துணிப்பையில் வேட்டி, பிளாஸ்க், போன் சார்ஜரோடு ஓர் அட்டை பேட்டரியையும் போட்டு, பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டி, கேட்டில் கொடுத்தோம். பேட்டரியின் முதுகில் சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அதை உரித்தால்தான் வேலை செய்யும் என்று எழுத மறந்துவிட்டேன். இரண்டு அடுக்குக் கையுறை போட்ட ஒரு பெண் அதை அப்படியே மாட்டியிருக்கிறார். மூன்று நாள் பெரியப்பாவுக்கு எதுவும் கேட்கவில்லை. எல்லார் வாயும் முகக்கவசத்துக்குள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் போயிற்று. கேஸ் ஷீட்டில் 'குழப்பமாக இருக்கிறார், ஒத்துழைக்கவில்லை' என்று ஏறியது. குப்புறப் படுங்கள் என்று சொன்னால் படுக்காதவருக்கு ஆக்சிஜன் அளவு ஏறாது. நான்காம் நாள் வீடியோ காலில் அவர் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டியதைப் பார்த்துத்தான் எங்களுக்கே விளங்கியது.

அந்தச் செவிலியர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆறு மணி நேரம் அந்த உடைக்குள் தண்ணீர் குடிக்காமல் நின்றவர் அவர். நான் சொல்ல வருவது வேறு. நோயாளியைப் பற்றிய தகவலில் பாதி கேஸ் ஷீட்டில் இருக்காது, கூட இருப்பவரின் தலையில் இருக்கும். அவரை வாசலில் நிறுத்தினால் வைத்தியமே குறைபடுகிறது. பாசத்தை இந்த வாதத்துக்குள் இழுக்கவே வேண்டியதில்லை.

தடையின் பக்கம் உள்ள வாதத்தையும் அதன் முழு பலத்தோடு வைக்க வேண்டும். அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவுகிற கிருமி அது. அட்டெண்டர் ஓரிடத்தில் இருப்பவரும் அல்ல. டீக்கடை, மெடிக்கல், வீடு, மறுபடி வார்டு என்று சுற்றுகிறவர். நாற்பது கட்டில் கொண்ட, நடுவே சுவரில்லாத ஒரு கூடத்தில் நாற்பது பேர் துணைக்கு இருந்தால், தொற்று நாற்பது வீட்டுக்குப் போகும் பாதை அது. 2020 மார்ச்சில் மருத்துவர்களுக்கே பாதுகாப்பு உடை போதவில்லை. மழைக்கோட்டு அணிந்து வேலை பார்த்தவர்கள் உண்டு. இருக்கிற ஓர் உடையை டாக்டருக்குக் கொடுப்பதா, நோயாளியின் மகனுக்குக் கொடுப்பதா என்றால் பதில் தெளிவு. அந்த வாரங்களில் முழுத்தடை நியாயமானது. இதில் நான் இழுபறி செய்ய மாட்டேன்.

ஆனால் அந்த நியாயத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. 2020 மே 12 அன்று பிரதமர் நாட்டுக்கு ஆற்றிய உரையில், தினம் 2 லட்சம் பாதுகாப்பு உடையும் 2 லட்சம் என்-95 முகக்கவசமும் நாட்டிலேயே தயாராவதாகப் பெருமையோடு சொன்னார். பனியன் தைத்த திருப்பூரும் அந்த உடையைத் தைத்துக்கொண்டிருந்தது. பற்றாக்குறை என்ற காரணம் தளர்ந்தபோதே தடையையும் எடுத்து மறுபடி எடைபோட்டிருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் யாரும் எடைபோடவில்லை. தாள் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

தடை போடும்போதே விலக்கையும் எழுத முடியும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். அங்கே அரசு மருத்துவ சேவை 2020 ஏப்ரல் 8 அன்று பார்வையாளர்களை நிறுத்தியபோது, மரணப் படுக்கையில் இருப்பவர், பிரசவிக்கும் பெண், குழந்தை நோயாளி, துணை இல்லாவிட்டால் கலங்கிப்போகும் மறதி நோயாளி போன்றவர் ஆகியோரோடு ஒருவர் இருக்கலாம் என்று அதே கடிதத்தில் எழுதியது. நடைமுறையில் அங்கும் பலர் தனியாகச் செத்தார்கள் என்பது வேறு விஷயம். கேட்டு வாதாட ஒரு காகிதமாவது இருந்தது. நெதர்லாந்து இன்னும் ஒரு படி போனது. 2020 மே 11 முதல் 26 முதியோர் பராமரிப்பு இல்லங்களில், ஒவ்வொருவருக்கும் மாறாத ஒரே ஆள் என்ற நிபந்தனையோடு கதவைத் திறந்து பார்த்தார்கள். முதல் சில வாரங்களில் அந்த இல்லங்களில் புதுத் தொற்று வரவில்லை. இதை நம் ஊருக்கு அப்படியே தூக்கிவர நான் தயங்குவேன். தொற்று இல்லாத இல்லங்களைத் தேர்ந்தெடுத்துச் செய்தது அது. அந்த நாட்டிலும் அலை வடிந்துகொண்டிருந்த நேரம். ஆனாலும் 'ஒரே ஆள், மாறாத ஆள்' என்ற நடுவழி ஒன்று இருந்ததென்பதும், அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது என்பதும் உறுதி.

வார்டுக்குள் நுழைவதற்கு முன், ஆஸ்பத்திரி வாசலை அடைவதே ஒரு பாடு. தமிழ்நாட்டில் அப்போது மாவட்டம் தாண்ட இ-பாஸ் என்ற அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. கல்யாணம், அவசர மருத்துவம், நெருங்கிய உறவினர் சாவு ஆகியவற்றுக்குத் தந்தார்கள். சாவுக்கு ஒரு சான்றிதழ் போதும். சாகக் கிடக்கிறார் என்பதற்கு என்ன சான்று? ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வாங்கி ஏற்ற வேண்டும். அதை வாங்கி அனுப்பக்கூடிய ஒரே ஆள் பாஸுக்காகக் காத்திருக்கிற ஆள்தான். விண்ணப்பித்த எல்லாருக்கும் உடனே பாஸ் என்ற நிலை 2020 ஆகஸ்ட் 17-இல்தான் வந்தது. மாநிலத்துக்குள் இ-பாஸே வேண்டாம் என்பது செப்டம்பர் 1-இல். எல்லாருக்கும் கொடுத்துவிடக்கூடிய ஒன்றை அதுவரை எதற்காகப் பரிசீலித்தார்கள் என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்வேன்.

பஸ் இல்லாத 2020 மார்ச் கடைசியில், கும்பகோணத்துப் பக்கமிருந்து 65 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவர் புற்றுநோயாளியான மனைவியைச் சைக்கிளில் வைத்துப் புதுச்சேரி ஜிப்மர் வரை மிதித்தார். 120 கிலோமீட்டருக்கும் மேல். வெளிநோயாளர் பிரிவு மூடியிருந்தும் டாக்டர்கள் பார்த்து, ஆம்புலன்சில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பத்திரிகைகள் இதை அன்புக்கு அடையாளமாக எழுதின. எனக்கு அது நிர்வாகக் குறையின் அளவுகோலாகத்தான் தெரிகிறது: ஒரு கீமோவுக்கும் இன்னொரு கீமோவுக்கும் நடுவே அரசு விட்ட இடைவெளி 120 கிலோமீட்டர்.

கிட்னி நோயாளிகளின் கணக்கு இன்னும் துல்லியமாக இருக்கிறது. இந்தியாவின் 19 பெரிய மருத்துவமனைகளில், ஊரடங்குக்கு முன் டயாலிசிஸ் செய்துவந்த 2,517 பேரில் 710 பேர் ஊரடங்கின்போது ஒரு தடவையாவது தவறவிட்டார்கள். நூற்றுக்கு 28. அந்த 2,517 பேரில் 104 பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். டயாலிசிஸ் என்பது தள்ளிப்போடக்கூடிய வைத்தியம் அல்ல. இரண்டு தவணை விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கொரோனாவால் செத்தவர் கணக்கில் வருவார். பாஸ் கிடைக்காமல் மூச்சுமுட்டிச் செத்தவர் எந்தப் பத்தியிலும் வர மாட்டார். தடை காப்பாற்றிய உயிரை எண்ணுகிறவர்கள் இந்தப் பத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொலைமருத்துவம் வந்ததே என்பார்கள். வந்தது; 2020 மார்ச் 25-இலேயே வழிகாட்டுதல் வெளியானது, நல்ல காரியம். ஆனால் மார்பின் போன்ற போதை மருந்துகளை வீடியோவில் எழுதித் தரக் கூடாது என்று அதிலேயே இருந்தது. புற்றுநோய் வலிக்கு மாத்திரை வேண்டுமானால் யாராவது நேரில் போயாக வேண்டும். அந்த 'யாராவது' யார் என்று நமக்குத் தெரியும்.

சாவிலும் இதே கதை. விதி இளகியிருந்தது, நடைமுறை இறுகியிருந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சிலேயே, உடலைச் சுற்றிய பையின் முகப் பக்க ஜிப்பை ஊழியர் திறந்து சொந்தக்காரர் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்றது. உடலைத் தொடாத சடங்குகளுக்கும் இடம் கொடுத்தது. எத்தனை பேருக்கு அந்த ஜிப் திறந்தது? பத்தடி தள்ளி நின்று ஆம்புலன்சின் பின்கதவை மட்டும் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்குக்கூட அப்படி ஒரு விதி இருப்பது தெரியாது. தாள் ஒட்டுவதில் அத்தனை சுறுசுறுப்பாக இருந்தவர்கள் இந்தத் தாளை எங்கும் ஒட்டவில்லை.

இரண்டாம் அலையில் முரண் உச்சிக்குப் போனது. 2021 ஏப்ரல் 26 முதல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அரசு ரெம்டெசிவிர் விற்றது. வாங்க யார் வர வேண்டும்? நோயாளியின் சொந்தக்காரர். விடியற்காலையிலிருந்து, தோளோடு தோள் இடித்து, ராத்திரியில் பிளாட்பாரத்தில் படுத்துக் காத்திருந்தார்கள். உள்ளே கட்டிலருகில் உட்கார்ந்தால் தொற்றைப் பரப்புவார் என்று தள்ளப்பட்ட அதே மனிதர், வெளியே ஆயிரம் பேருக்கு நடுவில் நிற்கலாமாம். அதுவும், நோயாளிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைத்துவிட்ட ஒரு மருந்துக்காக. விற்பனை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாறி, அங்கும் கூட்டம் கட்டுக்கடங்காமல் போன பிறகுதான், மருத்துவமனைகளே விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளும் முறை மே நடுவில் வந்தது. தொற்று நோக்கில் பார்த்தாலும், ஆயிரம் பேர் வரிசையைவிட, உடையணிந்து கட்டிலருகில் இருக்கும் ஒருவர் ஆபத்து குறைந்தவர் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

2021 மே 30-ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் பாதுகாப்பு உடை அணிந்து கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள்ளேயே போய் நோயாளிகளிடம் பேசினார். அதைப் பாராட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தப் படம் இன்னொன்றையும் நிரூபித்தது: உடை இருந்தால், சொல்லிக்கொடுத்தால், வைத்தியம் படிக்காத ஒருவர் உள்ளே போய்ப் பத்திரமாகத் திரும்பலாம்.

எல்லாரையும் உள்ளே விட்டிருக்க வேண்டும் என்று சொல்பவன் அல்ல நான். இரண்டாம் அலையில் சில அரசு ஆஸ்பத்திரிகளில், ஆள் போதாமல், அட்டெண்டர்கள் வெறும் துணி மாஸ்க்கோடு கொரோனா வார்டில் படுத்துக் கிடந்தார்கள். அது கருணை அல்ல, கைவிடல். பெரியம்மாவுக்கு அன்று 66 வயது, சர்க்கரை வேறு. அவரை உள்ளே விடாதது சரிதான் என்று இன்றும் சொல்வேன். என்னை விட்டிருக்கலாம். ஓர் ஆள், மாறாத ஆள், வயதும் உடம்பும் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆள், ஓர் உடை, அரைமணி நேரப் பயிற்சி, நோயாளி வீடு திரும்பும்வரை வெளியே போகாமல் அங்கேயே தங்கல். 2020 மே வரை இதை மறுத்ததற்குக் காரணம் இருந்தது. அதற்குப் பின் மறுத்தது பிழை. தடை தேவைப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்: முழுத்தடையாகவே அதை வைத்திருந்ததற்குப் பற்றாக்குறை சாக்கு ஆகாது. தாளில் 'பார்வையாளர்' என்ற ஒரு சொல்லைத் தவறாகப் போட்டதுதான் அதன் வேர்.

பதினோராம் நாள் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஒத்துழைக்கவில்லை' என்ற வரி இன்னும் இருக்கிறது. பெரியம்மா அந்த ஃபைலின் மேலட்டையில் பால்பாயின்ட் பேனாவால், எழுத்தை இரண்டு மூன்று தடவை அழுத்தித் தடிமனாக்கி எழுதி வைத்திருக்கிறார்: 'காது கேட்காது. வலது பக்கம் வந்து பேசவும்.'