பின்கதவைத் திறந்தால் பெட்ரோல் மிச்சமா?

பிக்கப் வண்டியின் பின்கதவு காற்றை மறிக்கும் சுவர் என்றுதான் உங்களுக்கும் தோன்றும். அமெரிக்காவில் பலர் அதைத் திறந்துபோட்டே ஓட்டினர். உண்மையில், கதவு மூடியிருந்தால் சரக்குத் தொட்டிக்குள் காற்று சுழலாகச் சுற்றுகிறது. மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிச் செல்கிறது. திறந்தால் சுழல் கலைகிறது.

ஒட்டுப்பலகையில் சாய்வான கூரை செய்து பொருத்துவோரின் யோசனை நல்லதே. ஆனால் பயனை அளக்கும் முறை? ஒரு டாங்க் பெட்ரோலை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்! எதிர்க்காற்றும் மேடுபள்ளமும் அதைக் கெடுத்துவிடுமே. 1970களில் கலிபோர்னியாவில் நாசா பொறியாளர்கள், அலுமினியத் தகடு போர்த்திய வேனை வேகமெடுத்தபின் தானாக உருளவிட்டு, வேகம் குறைவதை அளந்தனர். இவர்களும் அப்படி ஒரே சாலையில் இரு திசையிலும் அளந்திருக்க வேண்டும்.

வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்கு. நகர நெரிசலில் ஊர்ந்து செல்பவருக்கோ இக்கூரை வெறும் சுமைதான்.