அவுரியும் ஆய்வுக்கூடமும்: ஒரு வெற்றிக் கதையாடலை மறுவாசிப்புச் செய்தல்

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாசிப்பு வட்டத்தில் தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' (1860) நாடகம் பற்றிப் பேசினேன். பேச்சின் முடிவில், 'அவுரித் தோட்டத் துரைகளின் கொடுமையை ஒழித்தது எந்தச் சட்டமும் அல்ல, 1897இல் ஜெர்மனியிலிருந்து வந்த செயற்கை நீலம்தான்' என்றேன். கைதட்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தோழர் மட்டும், 'சாயம் மாறிப்போச்சு, சரி. குடியானவன் வாங்குன முன்பணம் என்ன ஆச்சு?' என்று கேட்டார். எதையோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்விக்குத் தாமதமான பதில் இது. என்னுடைய அந்த வாக்கியத்தின் மீதான சுயவிமர்சனம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

'தொழில்நுட்பப் புத்தாக்கம்' என்கிற கதையாடலுக்கு மாறாத ஓர் இலக்கணம் இருக்கிறது. ஒருவன் கண்டுபிடிப்பான், ஒரு கம்பெனி துணிந்து முதல் போடும், ஒரு நாடு மேலே போகும், அசந்திருந்த நாடு கீழே விழும். ஷும்பீட்டர் 1942இல் இதற்குப் 'படைப்பூக்க அழிப்பு' என்று பெயர் வைத்தார். தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: அழித்தல் என்பது செயப்படுபொருள் குன்றாவினை. 'யாரை?' என்று கேட்காமல் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. ஆனால் இந்தச் சொல்லாடல் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, வாக்கியம் முடிந்ததுபோலப் பாவனை செய்கிறது.

கதையை வெற்றியாளர்கள் சொல்கிறபடியே முதலில் பார்ப்போம். 1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், நிலக்கரித் தாரிலிருந்து கொய்னா மருந்து செய்யப் பார்த்து, தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டடைகிறான். (கொய்னா எதற்கு? மலேரியாப் பிரதேசங்களில் சாம்ராஜ்யம் நடத்த. ஆய்வுக்கூடத்தின் 'தூய' ஆர்வத்துக்குள்ளேயே காலனி உட்கார்ந்திருக்கிறது.) கண்டுபிடிப்பு பிரிட்டனுடையது, நிலக்கரியும் துணி ஆலைகளும் அதனிடமே இருந்தன. ஆனாலும் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் சாயத்தொழில் ஜெர்மனி கைக்குப் போய்விட்டது. பெர்கினின் ஆசிரியர் ஹோஃப்மன் 1865இல் பெர்லினுக்குத் திரும்பினார். மான்செஸ்டரில் தொழில் பழகிய ஹைன்ரிஷ் காரோவும் ஊர் திரும்பி பி.ஏ.எஸ்.எஃப்.பில் சேர்ந்தார். பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் ஒரே வளாகம்போல இயங்கின. பாயர் 1880இல் ஆய்வுக்கூடத்தில் நீலத்தை உண்டாக்கிக் காட்டினார். அதைக் கட்டுப்படியாகிற விலையில் விற்க அந்தக் கம்பெனிக்கு 17 வருஷமும் ஒரு கோடியே எண்பது லட்சம் தங்க மார்க்கும் ஆயின.

ஜெர்மன்காரன் உழைத்தான், வெள்ளைக்காரன் தூங்கினான் என்பதுதான் இதற்கு வழக்கமான விளக்கம். எனக்கு இது போதவில்லை. பிரிட்டன் தூங்கியது என்றால் எதன்மேல் தலைவைத்துத் தூங்கியது? வங்காளத்திலும் பீகாரிலும் கிட்டத்தட்டக் கட்டாயமாக விளைவிக்கப்பட்ட அவுரி இருந்தது. குடியானவன் முதுகிலிருந்து நீலம் மலிவாகக் கிடைக்கிறபோது பதினேழு வருஷம் காத்திருக்கிற ஆய்வு யாருக்கு வேணும்? காலனி இல்லாத வண்ணத்தை ஜெர்மனி தாரிலிருந்து பிழிந்தெடுத்தது. தேசியக் குணங்களில் விடை தேடுவதைவிட இந்த ஏற்பாட்டில் தேடுவது பலனளிக்கும்.

ஜெர்மனி அந்த ஆதிக்கத்தை எப்படி இழந்தது என்கிற இடத்தில் கதை திடீரென்று ஊமையாகிறது. அதைவிடச் சிறந்த சாயத்தை யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. 1914இல் யுத்தம் வந்தது. தன் ராணுவச் சீருடைக்கான சாயத்துக்கே எதிரியை நம்பியிருப்பதை பிரிட்டன் உணர்ந்து, 1915இல் அரசுப் பணத்தோடு ஒரு சாயக் கம்பெனியை உண்டாக்கியது. 1916இல் முற்றுகைக்குத் தப்பி, அமெரிக்காவுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டு ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் பால்டிமோருக்குப் போனது. அமெரிக்கா யுத்தத்தில் சேர்ந்தபிறகு ஆயிரக்கணக்கான ஜெர்மன் காப்புரிமைகளைப் பறிமுதல் செய்து தன் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. பறிமுதலுக்குப் 'புத்தாக்கம்' என்று யாரும் பெயர் வைப்பதில்லை. 1925இல் ஒன்றுதிரண்ட ஐ.ஜி. ஃபார்பன் பிறகு அவுஷ்விட்ஸ் பக்கத்தில், மோனோவிட்ஸில், அடிமை உழைப்பில் ஆலை கட்டியதையும் இதே கம்பெனி வரலாறுகள் வேறொரு அத்தியாயத்தில் தள்ளிவைத்துவிடும்.

இப்போது தோழரின் கேள்விக்கு வருகிறேன். 1859-60 கிளர்ச்சிக்குப் பின் வங்காளத்தில் அவுரி தேய்ந்து, பீகாரில் நிலைகொண்டது. சம்பாரணில் 'தீன்கட்டியா' என்ற முறை: பிகா ஒன்றுக்கு 20 கட்டா, அதில் 3 கட்டாவில் அவுரி போட்டே ஆகவேண்டும். ஜெர்மன் நீலம் வந்து விலை சரிந்ததும் துரைகளுக்கு அவுரி வேண்டாததாயிற்று. நியாயப்படி என்ன நடந்திருக்கணும்? 'போப்பா, இனி நெல்லு போட்டுக்கோ' என்று விட்டிருக்கணும். நடந்தது வேறு. அவுரிக் கட்டாயத்திலிருந்து 'விடுதலை' தருகிறோம், அதற்கு விலை கொடு என்றார்கள். நிரந்தரக் குத்தகை இருந்த கிராமங்களில் வாரம் பாதிக்குமேல் உயர்த்தப்பட்டது. அதன் பெயர் ஷரஹ்பேஷி. மற்ற இடங்களில் ரொக்கமாக வாங்கினார்கள், அது தவான். கையில் பணம் இல்லாதவன் கடன் பத்திரம் எழுதிக்கொடுத்தான். லூட்விக்ஸ்ஹாஃபன் ஆய்வுக்கூடத்தின் வெற்றி சம்பாரணில் புதுக் கடனாக மொழிபெயர்க்கப்பட்டது இப்படித்தான். துரை இழந்ததைக் குடியானவன் கட்டினான்.

அதோடும் முடியவில்லை. யுத்தத்தில் ஜெர்மன் சாயம் வராமல் போனதும் அவுரி விலை ஏறியது, பயிர்ப் பரப்பு மறுபடி விரிந்தது. ராஜ்குமார் சுக்லா விடாமல் நச்சரித்துக் காந்தியைச் சம்பாரணுக்குக் கூட்டிப்போனது 1917 ஏப்ரலில். அதாவது நான் 'ஒழிந்தது' என்று மேடையில் சொன்ன வருஷத்துக்கு இருபது வருஷம் கழித்து. 1918 சட்டம் தீன்கட்டியாவை ஒழித்தது. தவானாகப் பிடுங்கியதில் 25 சதவீதத்தைத் திருப்பித் தருவதாக உடன்பாடு. துரைகளின் கௌரவம் போனதே பெரிய வெற்றி என்று காந்தியம் இதை வாசிக்கிறது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மீதி 75 சதவீதம் பற்றி அந்த வாசிப்பு பேசுவதில்லை.

ரணஜித் குஹா 1974இல் எழுதிய கட்டுரையில், நீல் தர்ப்பணைக் குடியானவர் எழுச்சியின் நாடகமாக அல்ல, வெள்ளைக்காரச் சட்டத்தின்மேல் பத்ரலோகத் தாராளவாதி வைத்த நம்பிக்கையின் நாடகமாக வாசித்தார். அந்த வாசிப்பை மெச்சிக்கொண்டே நானும் அதே காரியத்தைச் செய்திருக்கிறேன். மித்ராவுக்கு நல்ல மாஜிஸ்டிரேட் இரட்சகன் என்றால் எனக்கு ஒரு வேதிக் கூட்டுப்பொருள். இரண்டிலும் குடியானவன் காத்திருப்பவன் மட்டுமே. உற்பத்திச் சக்திகள் வளர்ந்தால் உறவுகள் தானே மாறும் என்று இயந்திரத்தனமாக நம்பிய நம் இடதுசாரி மரபிலும் இந்த வியாதி உண்டு. மறுபக்கம், இயற்கைச் சாயம் என்றதும் உருகிப்போகிற நண்பர்கள் அந்த 'இயற்கை'க்குள் இருந்த சாட்டையை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு தகவல். பாயர், ஹோக்ஸ்ட், பி.ஏ.எஸ்.எஃப். மூன்றின் துணிச்சாயத் தொழிலும் 2000ஆம் ஆண்டுக்குள் டைஸ்டார் என்ற ஒரே கம்பெனியாகச் சேர்ந்தது. அதன் ஜெர்மன் நிறுவனம் 2009இல் திவாலானது. 2010இல் அகமதாபாதின் கிரி கம்பெனியும் சீனாவின் லாங்ஷெங்கும் அதை வாங்கின. காலனி பழிதீர்த்துக்கொண்டது என்று இதைக் கொண்டாடியவர்களும் உண்டு. எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை. அடுத்த வருஷம், 2011 ஜனவரியில், நொய்யலைக் கெடுத்ததற்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்த விவசாயிகள் நஷ்ட ஈடு கேட்டு அப்போதும் அலைந்துகொண்டிருந்தார்கள்.