வாடைக்காற்றும் வடகரைத் திடல்களும்

தைப்பொங்கல் தினத்தன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையிலே நடைபெறுகின்ற பட்டப்போட்டியைக் காண்பதற்காகக் குடாநாட்டின் சகல பகுதிகளிலிருந்தும், அதற்கு அப்பாலிருந்தும், குடும்ப சமேதராய் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்து கூடுகின்றார்கள். பறவையாகவும் கப்பலாகவும் விலங்காகவும் இயந்திரமாகவும் வடிவெடுத்து, சிறகை அசைத்தும் விளக்கை ஒளிர்வித்தும் ஆகாயத்திலே வித்தை காட்டுகின்ற முப்பரிமாணப் பட்டங்களைப் பார்த்து அதிசயித்துத் திரும்புகின்றவர்களுள் மிகப் பெரும்பாலோர், அப்பட்டங்களின் உருவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போகின்றார்களே அன்றி, அவை எவ்விதம் ஏறின, எந்தக் கோணத்தில் நின்றன, காற்றுத் தளர்ந்த சமயத்தில் எவ்வாறு தம்மைக் காத்துக்கொண்டன என்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தைதானும் சொல்லுவதில்லை. பட்டமேற்றுதலை ஒரு கைத்தொழிற் கண்காட்சியாகக் கொள்ளுவோருக்கு அது போதுமாயிருக்கலாம். அதனை ஒரு விளையாட்டாக, அதிலும் காற்றைக் கணிக்கின்ற மிக நுட்பமான விளையாட்டாக மதிக்கின்ற எனக்கு அது போதவில்லை.

இந்த அபிப்பிராயம் எனக்குப் பழையதுதான். எனினும் அதற்கு உறுதி தந்தது இவ்வருட விடுமுறையிலே நாங்கள் வாகனத்தின் பின்புறத்தில் பட்டங்களையும் நூற்கட்டைகளையும் ஏற்றிக்கொண்டு குடாநாட்டைச் சுற்றி வந்த பிரயாணமாகும். கனடாவிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகன் டிஸ்க் கோல்ஃப் என்னும் விளையாட்டிலே பிரியமுள்ளவன். தட்டையான வட்டுக்களைக் கையினால் வீசியெறிந்து, சங்கிலிகள் தொங்குகின்ற இரும்புக் கூடைகளில் மிகக் குறைந்த எறிகளில் விழுத்துவதே அவ்விளையாட்டு. 1975ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் அதற்கென நிலையான முதல் திடலை வகுத்தார். சங்கிலிக் கூடையை ஆக்கியவரும் அவரே. இன்று உலகமெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட திடல்கள் உள்ளன. பின்லாந்து போன்ற தேசங்களிலே சிற்றூர்தோறும் அவற்றைக் காணலாம். விடுமுறை வந்ததும் குடும்பத்தோடு காரில் புறப்பட்டு, வழியிலுள்ள திடல்களிலெல்லாம் இறங்கி ஆடிச் செல்லுதல் அந்நாடுகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. ரொறன்ரோத் தீவுகளிலுள்ள திடலுக்குப் படகேறிச் சென்று, ஏரிக்காற்றுக்கு ஈடுகொடுத்து ஆடியிருக்கின்ற அந்தப் பையன், நமது கரைகளிலே ஒரு நாள் சுற்றியவுடனேயே, "மாமா, இங்க ஒவ்வொரு இடத்திலயும் காத்து வேற வேற மாதிரியெல்லோ இருக்கு" என்று சொன்னான். ஆட்டக்காரன் ஒருவன் முதலிலே கவனிக்கவேண்டியது அதுவே.

இரண்டு விளையாட்டுக்களும் காற்றையே களமாகக் கொண்டவை. வட்டு கையை விட்டு நீங்கிய கணத்திலேயே ஆட்டக்காரனுடைய ஆட்சி முடிந்துவிடுகின்றது. ஆகையினால், எந்த வட்டு எவ்வளவு வேகத்தை வேண்டும், எவ்வளவு மிதக்கும், எறிந்தவுடன் எப்பக்கம் திரும்பும், வேகந் தணிந்தபின் எப்பக்கம் சாயும் என்பனவற்றை நான்கு எண்களாக வட்டின் மேலேயே பொறித்து வைத்திருக்கின்றார்கள். வீசுவதற்கு முன்னரே சகலத்தையும் தீர்மானித்துக்கொள்ளவேண்டும். பட்டமோ ஏறிய பின்னும் நூலின் வழியாகத் தன் நிலையை நொடிதோறும் நமக்கு அறிவித்துக்கொண்டிருப்பது. அந்த அறிவிப்பை உணர்ந்து நூலை இளக்கவும் இழுக்கவும் தெரிந்தவனே ஏற்றுகின்றவன். ஆனாலும் ஏற்றுவதற்கு முன்னர் செய்யவேண்டிய தீர்மானம் ஒன்று இங்கும் உண்டு. அது முச்சை.

பட்டத்தின் உடலோடு நூலைச் சேர்க்கின்ற அந்தச் சிறிய கட்டிலேதான் பாதி வெற்றி அடங்கியிருக்கின்றதென்பது என் துணிபு. முடிச்சு விரலளவு மேலேறினால் பட்டத்தின் முகம் காற்றுக்கு அதிகம் எதிர்நில்லாமல் படுகின்றது, இழுவை குறைகின்றது, பட்டம் தலைக்கு மேலாக உயர்ந்து செல்லுகின்றது. கீழிறங்கினால் முகம் நிமிர்ந்து காற்றை முழுவதும் வாங்குகின்றது, இழுவை மிகுகின்றது. ஆகவே கடுங்காற்றுக்கு முச்சையை மேலேற்றியும் மென்காற்றுக்குக் கீழிறக்கியும் கட்டுவது முறை. இடமும் வலமும் ஒத்திராவிட்டால் பட்டம் ஒரு பக்கமாகக் கிறுகிக் குத்தும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதிவழியே கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அவரங்கால் என்னும் ஊர்களைக் கடந்து சென்றால், பனைகளும் வீடுகளும் சட்டென்று பின்தங்க, வல்லைவெளி விரிகின்றது. முதற் பரீட்சையை நாங்கள் அங்கேதான் நடத்தினோம். தரவை நிலமும் தொண்டைமானாற்று நீரேரியும் சேர்ந்து கிடக்கின்ற அவ்விடத்திலே தடை யாதும் இல்லையென்று கண்ணுக்குத் தோன்றினாலும், வாடைக்காற்று வடமராட்சி நிலத்தைக் கடந்த பின்னரே அங்கு வந்து சேருகின்றதென்பதை மறந்துவிடலாகாது. நூறடி வரை உயரக்கூடிய பனைகளிலே மோதிய காற்று, அவற்றின் உயரத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான தூரம் வரை குழம்பிய நிலையிலேயே செல்லும். ஆதலால் வல்லைவெளியிலே வெளியின் நடுப்பாகத்துக்குச் சென்று ஏற்றுபவனுக்கும், தோப்பின் அருகிலே வாகனத்தை நிறுத்திய இடத்திலேயே ஏற்றுபவனுக்கும் கிடைப்பது ஒரே காற்றன்று. மருமகன் தோப்பின் ஓரத்திலே ஏற்றிய கொக்குப் பட்டம் இருமுறை கிறுகி விழுந்தபோது, "அம்மப்பா, ஏன் இது நிக்குதில்லை?" என்று என் தகப்பனாரைக் கேட்டான். "பட்டத்தில பிழையில்லை ராசா, நீர் நிக்கிற இடந்தான் பிழை, உந்தப் பனையளை விட்டு நல்லாத் தள்ளிப் போம்" என்பது அவருடைய மறுமொழி. இரண்டு வார்த்தையில் அவர் சொன்னதைக் காட்டிலும் தெளிவான பயிற்றுரையை நான் கேட்டதில்லை.

மணற்காடு வேறு விதமான இடம். பருத்தித்துறை முனையிலிருந்து தென்கிழக்காகச் செல்லுகின்ற கரை வடகிழக்கையே நோக்கி நிற்பதனால், வாடைக்காற்று அங்கே வங்கக் கடலின் மேலாக எவ்விதத் தடையுமின்றி நேர்முகமாக வந்து தாக்குகின்றது. குடாநாட்டிலே மார்கழி, தை மாதங்களில் கிடைக்கக்கூடிய மிகத் தூய காற்று அதுவென்று நான் கருதுகின்றேன். அலையோரத்து ஈரமணலில் நின்று ஏற்றினால் பட்டம் தயக்கமின்றி எழுகின்றது. ஆனால் அவ்விடத்தின் சோதனை மணற்குன்றுகளிலே இருக்கின்றது. குன்றின் முகப்பிலே ஏறுகின்ற காற்று உச்சியிலே விரைவு கொள்ளுகின்றது; உச்சியைக் கடந்தவுடன் பின்புறத்திலே சுழன்று கீழே விழுகின்றது. ஆகவே உச்சியில் நின்று ஏற்றுபவனுக்கு அற்புதமான ஆரம்பம் கிடைத்தாலும், போதிய உயரத்தை விரைவிற் கொள்ளாத பட்டம் குன்றின் பின்பக்கச் சுழலிலே அகப்பட்டு மணலிற் குத்துவது நிச்சயம். மணல் மூடிய பழைய அந்தோனியார் ஆலயத்தின் இடிபாடுகள் நிற்கின்ற அந்தப் பிரதேசத்திலே, காற்றின் வல்லமையை எடுத்துரைக்க வேறு சாட்சி வேண்டியதில்லை. அங்கே என் தகப்பனார் எட்டுமூலைப் பட்டத்தின் முச்சையை மேலேற்றி, வாலை இருமடங்காக நீட்டி, குன்றுக்கு முன்பாக அலையோரத்திலே நின்று ஏற்றிய ஏற்று, நான் அவ்விடுமுறையிலே கண்ட ஏற்றுக்கள் அனைத்திலும் சிறந்ததென்று சொல்லுவேன்: அவசரமில்லை, ஓட்டமில்லை, காற்று வந்து தூக்கும்வரை பொறுத்திருந்து, தூக்கியபோது நூலை அளந்தளந்து விட்டார்.

வல்வெட்டித்துறைக் கரைக்கு இப்பெருமை வந்தது தற்செயலானதன்று. கடலிலிருந்து கரைக்கு வீசுகின்ற நல்ல காற்று அங்கே இருக்கின்றதென்பது ஒரு காரணம். காற்றோடு பழகிய மனிதர் அங்கே இருக்கின்றார்கள் என்பது அதனினும் பெரிய காரணம். அவ்வூரார் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டிலே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. பாயை எக்கோணத்தில் நிறுத்தினால் காற்று எவ்வளவு விசை தருமென்பதை உயிரோடு சம்பந்தப்பட்ட காரியமாக அறிந்திருந்த பரம்பரையினர், முச்சை கட்டுவதிலே வல்லவராயிருப்பது வியப்பன்று. பாயும் பட்டமும் ஒரே கணக்கிலே நிற்பவை.

இந்தக் காரணத்தினாலேயே, அக்கரையிலே ஏறுகின்ற பட்டங்களைப் பறத்தலைக் கொண்டு அளக்கவேண்டுமென்று நான் வற்புறுத்துகின்றேன். அளப்பதற்கு வழியில்லையென்று எவரும் சொல்லவேண்டாம். நூலின் கோணமே போதும். நூல் நிலத்தோடு 45 பாகையில் நிற்குமானால், பட்டத்தின் எடையைக் கழித்து மிஞ்சுகின்ற தூக்குவிசையும் அதனைப் பின்னுக்குத் தள்ளுகின்ற விசையும் சமமாயிருக்கின்றன என்பது பொருள். 60 பாகையில் நின்றால் தூக்குவிசை மற்றதைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு. தட்டையான எட்டுமூலையோ படலமோ இதனை எளிதில் எய்தலாம். ஆனால் பருத்த வயிறும் பல உறுப்புக்களும் கொண்ட முப்பரிமாணப் பட்டம் தன் உடலாலேயே காற்றைத் தடுத்துக்கொள்ளுவதனால், அதனை 60 பாகைக்கு ஏற்றி நிறுத்துகின்றவன் உண்மையிலேயே பெரிய சாதனையாளன். அவனையும், அதே அளவான அலங்காரத்தை 30 பாகையிலே நூலைத் தொய்யவிட்டுக்கொண்டு இழுத்துத் திரிகின்றவனையும் ஒரே தட்டிலே வைத்துப் பார்ப்பது நியாயமாகாது. விண் பூட்டிய பட்டமாயின் காதே நடுவர்: மூங்கில் வில்லிலே இழுத்துக் கட்டிய நாடாவின் கூவல் ஏறி இறங்காமல் ஒரே சுருதியிலே நிற்குமானால் பட்டமும் நிலை குலையாமல் நிற்கின்றதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இரவிலே இராக்கொடி ஏற்றி மரத்திலே கட்டிவிட்டு, அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டே உறங்கிய முந்திய தலைமுறையினர் இந்தப் பரீட்சையை நன்கு அறிவர்.

பருமனைப் பற்றியும் ஒரு சொல். காற்றின் வேகம் இருமடங்கானால் பட்டத்தின் இழுவை நான்கு மடங்காகின்றது. பட்டத்தின் நீள அகலங்களை இருமடங்காக்கினாலும் அவ்விதமே. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தால் பதினாறு மடங்கு. 2021 டிசம்பரிலே பருத்தித்துறைப் பகுதியில் பெரும் பட்டமொன்றை ஏற்றிய வேளையில், கூட நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட, பிடியை விடாதிருந்த இளைஞர் ஒருவர் உயரத் தூக்கிச் செல்லப்பட்ட காட்சியை உலகமே பார்த்தது. அவர் உயிர் தப்பியது நம் எல்லோருடைய பாக்கியம். அக்காட்சியை வீரமென்று புகழ்ந்தவர்கள் உண்டு. எனக்கு அதைப் பார்க்குந்தோறும் நெஞ்சு பதறுகின்றது. பெரும் பட்டத்தை ஏற்றுகின்ற குழு, கயிற்றின் அடியை நிலத்திலே ஊன்றிய உறுதியான கட்டையோடு முதலிலே பிணைத்துவிட்டு, அதன் பின்னரே கைகளைக் கயிற்றில் வைக்கவேண்டும். போட்டி நடத்துவோர் இதனை ஒரு விதியாகவே ஆக்கிவிடுதல் நலம். மின்கம்பிகள் செல்லும் இடங்களை விட்டு விலகுவதும் இதனோடு சேர்ந்தது.

காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் பொன்னாலைப் பாலத்தின் வழியாகச் சென்றோம். குழந்தைகளுக்கு உகந்த ஆழமில்லாத கடல், கடலிலிருந்து வருகின்ற நல்ல காற்று. ஆனால் கரையின் பின்னே சவுக்கு மரங்கள் வரிசையாக நின்று, தாழ்ந்த பட்டங்களையெல்லாம் பறித்துக்கொள்ளுகின்றன. விரைந்தேறாத பட்டத்துக்கு அங்கே இடமில்லை.

கடைசியாகப் பண்ணை. தை மாதத்திலே அது ஏமாற்றந் தருகின்ற இடம். ஏனெனில் வாடைக்காற்று யாழ்ப்பாண நகரத்தின் கட்டடங்களையும் கோட்டை மதில்களையும் கடந்து குழம்பிய பின்னரே பண்ணைப் பாலத்தை வந்தடைகின்றது. மருமகனுடைய கொக்கு அங்கே ஏறவேயில்லை. ஆனால் வைகாசி பிறந்து சோளகம் வீசத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகின்றது. தென்மேற்கிலிருந்து நீரேரியின் பரப்பைக் கடந்து வருகின்ற அந்தக் காற்று பல மாதங்கள் வரை பலமாக வீசுகின்றது. பட்டமேற்றுவோரோ அதனைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. தை மாதத்திலே ஒரு கரையிலே ஒரு நாள் என்றிருப்பதை மாற்றி, வாடைக்கு வல்வெட்டித்துறையும் மணற்காடும் வல்லையும், சோளகத்துக்குப் பண்ணை நீரேரிக்கரையும் என்று திடல்களை வகுத்து, எல்லாவற்றிலும் பெற்ற புள்ளிகளைச் சேர்த்து வெற்றியை நிர்ணயிக்கின்ற ஒரு சுற்றுப்போட்டியை நம் விளையாட்டுக் கழகங்கள் ஏன் ஆரம்பிக்கலாகாது? குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு திடலுக்குத் திடல் பின்தொடர்ந்து வருவதற்குத் தயங்கமாட்டா; பட்டம் கட்டுவோரும் ஒரே காற்றுக்கென்று கட்டாமல் நான்கு காற்றுக்களுக்கும் ஈடுகொடுக்கக்கூடிய பட்டங்களைக் கட்டப் பழகுவர். அப்படியொரு சுற்று ஆரம்பமாகுமானால், முதல் வருடத்திலே வெல்லப்போவது பெரிய பட்டமன்று என்பதே என் கணிப்பு. நடுத்தர அளவுள்ள ஓர் எட்டுமூலை, நீண்ட வால், இடத்துக்கு இடம் ஏற்றி இறக்கத்தக்கதாகக் கட்டிய முச்சை, அதனைப் பொறுமையோடு பிடிக்கத் தெரிந்த ஒரு முதிய கை: இவையே என் தெரிவு.